1:87 அளவில் உழவு இயந்திரம், இரும்புச் சக்கரம், தூற்றும் காற்றாடி: கையால் செய்வது எப்படி?

வாகனேரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

புனாணைக்கும் வாழைச்சேனைக்கும் இடைப்பட்ட புகையிரதப் பாதையை மாதிரியாகக் கொண்டு, எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள சிற்றளவு மாதிரிப் புகையிரதத் தளமொன்றை வீட்டின் பின்னறையில் அமைத்து வருகிறேன். காலம் 1970களின் நடுப்பகுதி. அதாவது, ஓட்டமாவடியில் புகையிரதமும் பஸ்சும் ஒரே இரும்புப் பாலத்தை மாறி மாறிப் பயன்படுத்திய காலம். மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்த 16.5 மில்லிமீட்டர் தண்டவாளமும், பிரேசிலின் பிராத்தெச்சி நிறுவனம் எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தின் 87இல் ஒரு பங்காக (1:87), செய்யும் ஜி12 வகைப் புகையிரத இயந்திரம் ஒன்றும் கைவசம் உள்ளன. 1954 முதல் கனடாவிலிருந்து வந்து, ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களோடு ஓடிய நமது எம்2 இயந்திரங்கள் இந்த ஜி12 குடும்பத்தைச் சேர்ந்தவையே என்பதால், நிறத்தையும் சில உறுப்புகளையும் மாற்றினால் ஓரளவு பொருந்திவிடும். பாதைப் பக்கத்தில் எனக்குப் பெரிய கவலை இல்லை.

கவலையெல்லாம் பாதைக்கு அப்பால் உள்ள வயலைப் பற்றித்தான். கடையில் விற்கும் வயல் இயந்திர மாதிரிகள் எல்லாம் ஐரோப்பியக் கோதுமை வயலுக்கு உரியவை. வைக்கோலை உருளையாகச் சுருட்டும் இயந்திரத்தையும் முன்புறம் வாளி பூட்டிய இயந்திரத்தையும் கொண்டுவந்து வாகனேரிக் குளத்தடி வயலில் நிறுத்தினால், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வேண்டியவை இவைதான்: சிவப்பு மெசி பேர்கசன் உழவு இயந்திரம் ஒன்று, சேற்றில் இறங்கப் பூட்டும் இரும்புச் சக்கரங்கள், தட்டுக் கலப்பை, உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டி, காகித ஆலைக்கு வைக்கோல் ஏற்றிப் போகும் பெட்டி, களத்தில் பொலி (பதரோடு கலந்த நெல்) தூற்றும் காற்றாடி. இவை அனைத்தையும் ஒரே காட்சியில் வைக்க விரும்புகிறேன்.

என் கேள்விகள் மூன்று. இயந்திரங்களை 1:87 அளவில் செய்வதா, அல்லது நமது அகலப் பாதையின் கணக்கைப் பார்த்து வேறு அளவில் செய்வதா? மாதிரி செய்வோர் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு மட்டக்களப்பு நகரில் எங்கும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக எதை எடுப்பது? மூன்றாவது, இரும்புச் சக்கரம். அதன் குறுக்குச் சட்டங்களை இவ்வளவு சிறிய அளவில் சரியான இடைவெளியோடு பற்றவைக்க ஏதேனும் வழி உண்டா?

பாலத்தடி எழுதியது:

வாகனேரி அவர்களுக்கு வணக்கம். அளவைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். பற்றவைக்கும் வேலையில் எனக்குக் கை பழக்கம் இல்லை.

நமது பாதையின் அகலம் ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். இதை 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வரும். பிரித்தானியர் பயன்படுத்தும் 1:76 அளவில் 22 மில்லிமீட்டர் வரும். கைவசம் இருக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள ஐரோப்பியப் பாதைக்காகச் செய்யப்பட்டது. ஆனால், 1676ஐ 100ஆல் வகுத்துப் பாருங்கள்: 16.76. கால் மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆகவே, எதுவும் வாங்காமல் வெறுங்கையோடு தொடங்குகிற ஒருவர் இலங்கைப் பாதையை மாதிரியாகச் செய்வதென்றால், அவருக்கு 1:100 அளவையே சிபாரிசு செய்வேன். ஒரு மீட்டர் என்றால் ஒரு சென்ரிமீட்டர் என்று கணக்கும் இலகு. கட்டடக் கலைஞர்கள் தங்கள் மாதிரிகளில் வைக்கும் மனிதர்களும் மரங்களும் இதே அளவில் விற்கப்படுகின்றன.

உங்கள் நிலை வேறு. ஜி12 ஏற்கெனவே 1:87 அளவில் வந்து நிற்கிறது. புகையிரதக் கடவையில் அதன் பக்கத்தில் வந்து நிற்கப்போகும் உழவு இயந்திரம் 1:100 அளவில் இருந்தால், எதுவும் அறியாத சிறுவனுக்கும் அது உறுத்தும், தண்டவாளம் 2.8 மில்லிமீட்டர் ஒடுங்கியிருப்பதோ, ஜல்லியைத் தண்டவாளத்தின் அடிவரை நிரப்பிவிட்டால், அளவுகோல் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். எனவே முன்வரிசை இயந்திரங்கள் 1:87தான். தளத்தின் பின் ஓரத்தில், பார்வையிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கும் ஒரு இயந்திரத்தை வேண்டுமென்றே 1:100 அளவில் செய்து வைத்தால் வயல் இன்னும் ஆழமாகத் தெரியும். அது வேறு விடயம்.

மெசி பேர்கசன் 35, 135 ஆகிய இரண்டுக்கும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் ஆறடி, அதாவது 1829 மில்லிமீட்டர். 1:87 அளவில் அது 21 மில்லிமீட்டர். 135 வகை 1964 முதல் 1975 வரை செய்யப்பட்டதால் உங்கள் காலத்துக்கு அதுவே பொருத்தம். பின் சக்கரம் 28 அங்குல உள்வட்டத்தோடு 11 அங்குல ரயர் போட்டது என்று கொண்டால், வெளிவிட்டம் ஏறக்குறைய 1.26 மீட்டர், மாதிரியில் 14.5 மில்லிமீட்டர். முன் சக்கரம் 16 அங்குல உள்வட்டமும் 6 அங்குல ரயரும், மாதிரியில் 8.4 மில்லிமீட்டர் அளவில் வரும். பெட்டிக்கு மட்டும் எந்தக் கையேட்டையும் நம்ப வேண்டாம். பெட்டிகள் உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யப்பட்டவை, ஒன்றுக்கொன்று வேறுபடும். அறிந்தவர் ஒருவரின் வளவில் நிற்கும் பழைய பெட்டியை நாடா பிடித்து அளந்து, பக்கவாட்டில் நின்று ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒக்ஸ்போர்ட் டைகாஸ்ட் நிறுவனம் 1:76 அளவில் செய்யும் சாம்பல் நிறப் பேர்கசனை வாங்கிச் சிவப்பு அடித்துவிடலாம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். அது உங்கள் அளவைவிட ஏழில் ஒரு பங்கு பெரியது. தனியே நின்றால் தெரியாது. 1:87 சாரதியை அதில் ஏற்றி இருத்தினால் கால் மிதிகளை எட்டாது.

கல்முனைக் கம்மாலை எழுதியது:

வணக்கம். பாலத்தடி ஐயா அளவைச் சொல்லிவிட்டார். நான் கைவேலையைச் சொல்கிறேன்.

முதலில் தகடு. பணம் எடுக்கும் பழைய வங்கி அட்டையின் தடிப்பு உலகெங்கும் 0.76 மில்லிமீட்டர். அது 1:87 அளவில் 66 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புப் பாளத்துக்குச் சமம். ஆகவே அதைச் சக்கர மூடிக்கோ இயந்திர மூடிக்கோ பயன்படுத்தக் கூடாது. ஆனால் பற்சக்கரப் பெட்டி, இயந்திரத்தின் உடல், ரயர் ஆகியவற்றுக்கு ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி அரத்தால் தேய்த்து எடுக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. அடுத்தது யோகட் கோப்பை. அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மாதிரிக் கடைகளில் விற்கும் தகட்டின் அதே பொலிஸ்டைரீன். மூன்றாவது, குளிர்பானத் தகரக் குவளையின் பக்கச் சுவர். அது 0.1 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும்; கத்தரிக்கோலால் வெட்டுப்படும். சக்கர மூடிகளை அதில்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரு மாதிரி நிஜம்போல் தெரிகிறதா இல்லையா என்பதை அதன் ஓரத்தின் தடிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. வங்கி அட்டை பி.வி.சி. வகை, நீர்க் குழாய் ஒட்டும் பசை அதைக் கரைத்து ஒன்றாக்கிவிடும். அதே பசையால் யோகட் கோப்பைத் துண்டை அட்டையோடு நம்பி ஒட்ட முடியாது. இரண்டு வகைகள் சந்திக்கும் இடங்களில் சுப்பர் குளூ பயன்படுத்துங்கள். எதை ஒட்டுவதாயினும் யன்னலைத் திறந்து வையுங்கள். இந்தக் கரைப்பான்களின் ஆவி அடைத்த அறையில் தலையைச் சுற்ற வைக்கும்.

பின் ரயருக்கு, வங்கி அட்டையில் 13.5 மில்லிமீட்டர் வட்டங்கள் நான்கை வெட்டி ஒட்டினால் 3 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கும். 11 அங்குல ரயருக்கு அது போதும். நடுவில் துளையிட்டு ஆணி ஒன்றில் இறுக்கி, துளைகருவியில் பூட்டி, மெதுவாகச் சுழலவிட்டு அரத்தாளைப் பிடித்தால் வட்டம் சீராகிவிடும். வேகமாகச் சுழற்றினால் பி.வி.சி. உருகி இழுபடும். அதன் மேல் யோகட் கோப்பையிலிருந்து வெட்டிய மெல்லிய கீற்றுகளைச் சாய்வாக ஒட்டிப் பற்களை அமைக்கலாம். பற்களின் திசையைக் கவனியுங்கள்: இரண்டு பக்கப் பற்களும் கூடும் முனை முதலில் மண்ணைத் தொட வேண்டும். எனவே இயந்திரத்தின் பின்னால் நின்று பார்க்கும்போது அந்த முனை மேல்நோக்கித் தெரியும். விலை கொடுத்து வாங்கிய மாதிரிகளிலும் இது தலைகீழாக வந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். வயலைத் தெரிந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும். முன் ரயருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. தண்ணீர்க் குழாய்ப் பொருட்கள் விற்கும் கடையில் எட்டு மில்லிமீட்டர் அளவிலான ரப்பர் வளையம் கிடைக்கும்.

இனி இரும்புச் சக்கரம். வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் 7/0.67 வயரின் உறையை உரித்தால், 0.67 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஏழு செப்புக் கம்பிகள் கிடைக்கும். கம்பியை அடுப்பு நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள்; இரும்பு இப்படிச் செய்தால் கடினமாகலாம், செம்பு மெத்தென்று ஆகிவிடும். பிறகு 12 மில்லிமீட்டர் உருளை மரக்கட்டை ஒன்றில் இறுக்கிச் சுற்றி, நீளப்பாட்டில் ஒரே கோடாக வெட்டினால் வளையங்கள் தனித்தனியாகக் கழன்று வரும். இரண்டு வளையங்களை மீண்டும் அதே கட்டையில் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஏற்றி, வெட்டுவாய்களை ஈயம் வைத்து மூடுங்கள்.

இடைவெளிக்கு வழி இதுதான். கட்டையின் சுற்றளவுக்குச் சரியான ஒரு காகித நாடாவை வெட்டி, அதைத் தட்டையாக வைத்துச் சம பாகங்களாகக் கோடு போட்டு, இரண்டு வளையங்களுக்கும் நடுவில் சுற்றி ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு குறுக்குச் சட்டம். சட்டத்துக்கு 0.5 மில்லிமீட்டர் கம்பியைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, அந்தத் தகட்டை நிமிர்த்தி ஓரத்தில் நிற்க வைத்தால், நிஜச் சக்கரத்தில் உள்ள கோண இரும்பு போலவே தெரியும். சட்டம் வளையத்தின் வெளிப்புறத்தில்தான் வர வேண்டும். வளையத்தில் முன்கூட்டியே சிறிது ஈயம் பூசி, சட்டத்தை இடுக்கியால் பிடித்து, சூட்டுக்கோலின் நுனியால் ஒரு தொடு தொட்டு எடுத்துவிட வேண்டும். அழுத்திப் பிடித்தால் சூடு செம்பு வழியாக ஓடி, பக்கத்துச் சட்டம் கழன்று விழும். இதைத் தடுக்க, ஒன்றை வைத்ததும் அதற்கு நேர் எதிரில் அடுத்ததை வையுங்கள், முடிந்த இடங்களில் ஈரப் பஞ்சைச் சுற்றி விடுங்கள். மரத்தில் ஈயம் ஒட்டாது என்பதால் வேலை முடிந்ததும் சக்கரம் கட்டையிலிருந்து வழுக்கி வந்துவிடும். காகிதம் கருகியிருக்கும், சுரண்டி எடுத்துவிடலாம். நடுக் குடத்துக்கு, வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டரை உடைத்தால் உள்ளே சிறிய பித்தளைக் குழாய் இருக்கும். பலரும் ஊசி மருந்து ஏற்றும் ஊசியை நாடுவார்கள். அது துருவேறா உருக்கு, சாதாரண ஈயம் அதில் பிடிக்காது.

தட்டுக் கலப்பையின் தட்டுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அலுவலகத்தில் கடதாசிக்குத் துளை போடும் கருவி 6 மில்லிமீட்டர் வட்டம் வெட்டும். அதைக் குளிர்பானக் குவளைத் தகட்டில் அழுத்தினால் விழும் வட்டம் 1:87 அளவில் இருபது அங்குலத் தட்டு. மண் கட்டி உடைக்கும் பல தட்டுக் கருவிக்கு இது சரியான அளவு. 26 அங்குலத் தட்டுள்ள உழவுக் கலப்பைக்கு 7.6 மில்லிமீட்டர் வேண்டும் என்பதால், தோல் வேலை செய்வோரின் 8 மில்லிமீட்டர் துளைக்கோலை இரவல் வாங்குங்கள். வட்டத்தை அழிரப்பர் மேல் வைத்து, சைக்கிள் குண்டால் அழுத்தினால் குழிவு வந்துவிடும். பூட்டும்போது தட்டு இயந்திரம் போகும் திசைக்கு நாற்பத்தைந்து பாகை அளவில் திரும்பியும், செங்குத்திலிருந்து இருபது பாகை அளவில் பின்சாய்ந்தும் இருக்க வேண்டும். நேராக நிமிர்ந்து நிற்கும் தட்டு மண்ணைப் புரட்டாது.

வட்டை மண் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

எங்கள் சம்மாந்துறைப் பக்கம் புகையிரதமே இல்லை. பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் வயலைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். தம்பி வாகனேரி கேட்ட மூன்று கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைத்துவிட்டது. அவர் கேட்காத ஒரு கேள்விதான் மிச்சம்: இது எந்த மாதம்?

தட்டுக் கலப்பை, சேற்றுச் சக்கரம், தூற்றும் காற்றாடி ஆகிய மூன்றும் ஒரே வயலில் ஒரே நாளில் வேலை செய்ய மாட்டா. தட்டுக் கலப்பை ஓடுவது மழைக்கு முன், நிலம் காய்ந்து கிடக்கும் ஆவணி புரட்டாதியில். அப்போது இயந்திரத்தின் பின்னால் புழுதி எழும்பும், சக்கரத்தில் ரப்பர் மட்டும்தான் இருக்கும். இரும்புச் சக்கரம் பூட்டினால் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும், இயந்திரம் சேறாகியிருக்க வேண்டும், பின்னால் பலகை அடிக்கும் வேலை நடக்க வேண்டும். காற்றாடி சுழல்வது பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த மாசி பங்குனியில். அப்போது வயலில் தண்ணீர் வற்றி, வெட்டிய பயிரின் அடித்தாள்தான் இருக்கும். இவை மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டால், இயந்திரங்கள் எவ்வளவு நுணுக்கமாக அமைந்தாலும், பொருட்காட்சிச் சாலைபோல் ஆகிவிடும்.

என் யோசனை, மாசி மாதத்து வெட்டுக் காலத்தை எடுங்கள் என்பதே. காகித ஆலைக்கு வைக்கோல் போவதும், களத்தில் சூடு மிதிப்பதும், பொலி தூற்றுவதும் அந்தக் காலத்தில் ஒன்றாகவே வரும். அப்படியானால் மற்றக் கருவிகளைக் கைவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். கைவிட வேண்டியதில்லை, ஓய்வில் வையுங்கள். தட்டுக் கலப்பை வாடிக்குப் பின்னால், தட்டுகளில் துருப் படிந்து, இடையில் புல் முளைத்துக் கிடக்கட்டும். இரும்புச் சக்கரங்கள் இரண்டும் மருத மரத்தடியில் சாய்த்து வைக்கப்பட்டு, பழைய சேறு சாம்பல் நிறமாய்க் காய்ந்து ஒட்டியிருக்கட்டும். கம்மாலைத் தம்பி சொன்ன அந்த நிமிர்ந்த சட்டங்கள், இயந்திரத்தில் பூட்டிச் சேற்றில் புதைத்து வைப்பதைவிட இப்படிச் சாய்த்து வைத்தால்தான் வடிவாகத் தெரியும். அந்தச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு தார் வீதியில் யாரும் போவதும் இல்லை. அது வீதியைக் கிழித்துவிடும். பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய் வயலடியில்தான் பூட்டுவார்கள். ஆகவே கடவையில் நிற்கும் இயந்திரத்துக்கு அதைப் பூட்டிவிடாதீர்கள்.

களத்தை அமைக்கும்போது, கதிரை வட்டமாகப் பரப்பி அதன் மேல் உழவு இயந்திரம் சுற்றி வருவதாகக் காட்டலாம். 1970களில் எருமை கொண்டு மிதிப்பதும் வழக்கில் இருந்தது. இரண்டு களங்களுக்கு இடம் இருந்தால் ஒன்றில் எருமையும் மற்றதில் இயந்திரமும் வைத்தால் காலம் தானாகப் பேசும். இயந்திரத்துக்குப் பின்னால் இருவர் நின்று, நாங்கள் வேலைக்காரன் என்று சொல்லும் கொளுக்கித் தடியால் வைக்கோலைக் கிளறி விடட்டும். ஈர்க்கின் நுனியைச் சீவி இந்தத் தடியைச் செய்யலாம். வெட்டு இயந்திரம் மட்டும் எந்த மூலையிலும் வேண்டாம். சங்கிலித் தடத்தில் ஓடி வெட்டவும் அடிக்கவும் செய்யும் அந்த வகை நமது பகுதியில் பரவலானது 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர்தான்.

காற்றாடியை உழவு இயந்திரத்தின் பின்புறச் சுழல் தண்டிலிருந்து விசை எடுத்து ஓட்டினார்கள். அதன் முன்னால் ஒருவர் உயரத்தில் நின்று சுளகால் பொலியைச் சரிப்பார். நெல் நேரே கீழே விழும், பதர் தள்ளிப் போய்க் குவியும். மாசியில் வாடைக் காற்று, அதாவது வடகிழக்கிலிருந்து வரும். காற்றுக்கு எதிராக யாரும் காற்றாடியை நிறுத்த மாட்டார்கள். உங்கள் தளத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று முதலில் தீர்மானித்து, பதர்க் குவியலைத் தென்மேற்கில் வையுங்கள்.

வயலைப் பற்றியும் ஒன்று. வெளிநாட்டு மாதிரி வயல்களைப் பார்த்துத் தாளை வரிசை வரிசையாக நட்டுவிடாதீர்கள். நமது வட்டைகளில் பெரும்பாலும் கையால் வீசி விதைக்கிறோம். வரிசை தெரியக் கூடாது. வரம்புகளும் நேர்கோட்டில் ஓடுவதில்லை.

வாகனேரி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வட்டை மண் ஐயா சொன்னபடி மாசி மாதத்தையே எடுத்துக்கொள்கிறேன். இரும்புச் சக்கரத்தை மரத்தடியில் சாய்த்து வைக்கும் யோசனையால் இரண்டு சக்கரங்களோடு வேலை முடிந்துவிடுவதும் எனக்கு இலாபமே.

இன்னும் இரண்டு சிறிய சந்தேகங்கள். காற்றாடியை உண்மையிலேயே சுழல வைக்க முடியுமா? பெட்டியில் ஏற்றும் வைக்கோலுக்கு எதைப் பயன்படுத்துவது? தும்புத்தடியின் நாரை வெட்டிப் பார்த்தேன். நிறம் மிகவும் கபிலமாக உள்ளது.

கல்முனைக் கம்மாலை எழுதியது:

சுழல வைக்கலாம். பழைய கைப்பேசிகளில், அழைப்பு வரும்போது அதிர வைக்கும் ஒரு சிறு மோட்டார் இருக்கும். உருளை வடிவில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அதன் தடிப்பு நான்கு மில்லிமீட்டர் அளவுதான், காற்றாடியின் கூட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். அதன் தண்டில் ஒரு பக்கம் கனத்த உலோகத் துண்டு இருக்கும். அதை இழுத்துக் கழற்றிவிட்டால் அதிர்வு நின்று சுழற்சி மட்டும் மிஞ்சும். இந்த மோட்டார்கள் மூன்று வோல்ற் அளவுக்குச் செய்யப்பட்டவை. முழு மின்சாரத்தையும் கொடுத்தால் இலை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடும். ஒற்றை 1.5 வோல்ற் மின்கலம் போதும், அதுவும் அதிகமென்றால் இடையில் ஒரு தடையைச் சேருங்கள். இலைகளைக் குவளைத் தகட்டில் வெட்டி, ஒட்டுவதற்கு முன் ஒன்றோடொன்று எடை பாருங்கள். ஒன்று கனத்தால் மீண்டும் அதிரத் தொடங்கிவிடும். வயரைக் களத்தின் அடியால் இறக்கி, ஆளியைத் தளத்தின் முன் விளிம்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டை மண் எழுதியது:

வைக்கோலுக்குப் பழைய சணல் சாக்கின் நூல். வெளிற்றும் தூள் கரைத்த தண்ணீரில் ஊற வைத்து வெயிலில் உலர்த்தினால், புதிய வைக்கோலின் நிறம் வரும். மூன்று நான்கு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, மரப் பசையைத் தண்ணீரில் கரைத்து அதோடு பிசைந்து, பெட்டியின் பக்கங்களுக்கு வெளியே பிதுங்கி நிற்கும்படி ஏற்றுங்கள். வைக்கோல் பெட்டி எப்போதும் தன் அளவுக்கு மேல்தான் ஏற்றப்பட்டிருக்கும். மேலே இருவர் ஏறி இருக்க, குறுக்கே கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கும்.

சேற்று நிறத்துக்குக் கடையில் பூச்சு தேட வேண்டாம். வாகனேரி வயலிலேயே ஒரு பிடி மண்ணை எடுத்து, நன்றாகக் காய வைத்து, பழைய நைலோன் காலுறையால் இருமுறை அரித்து, சட்டியில் வறுத்துப் பூச்சி முட்டை இல்லாமல் செய்துவிட்டு, அதே மரப் பசைத் தண்ணீரில் குழைத்துச் சக்கரத்தில் தடவுங்கள். பசை அதிகமானால் மண் மினுங்கும். அப்போது அதன் மேல் காய்ந்த மண்தூளைத் தூவி ஊதிவிட்டால் சரியாகிவிடும்.